உப்புக்கு வாசனை உண்டா?

மூக்கு போய்விட்டது என்று சொன்னால் யாரும் முதலில் ஐயோ பாவம் என்பதில்லை. என் முகத்தைத்தான் பார்க்கிறார்கள். மூக்கு இருந்த இடத்திலேயே மூக்குத்தியோடு உட்கார்ந்திருக்கிறது. "நன்னாத்தானே இருக்கு மாமி?" என்கிறார்கள். கண் போனவருக்குக் கையைப் பிடித்துச் சாலையைக் கடத்திவிட ஆள் உண்டு. காது போனவருக்கு உரக்கப் பேச ஆள் உண்டு. மூக்கு போனவளுக்கு மட்டும், "ஜலதோஷமா இருக்கும், ஆவி பிடிங்கோ" என்ற ஒரே பதில். மருத்துவமனையில் கிடந்த ஆறு நாளிலும் அதற்குப் பிந்தைய ஐந்து மாதத்திலும் நான் எத்தனை தடவை ஆவி பிடித்தேன் என்று எனக்கே கணக்குத் தெரியாது. முகம் வெந்ததுதான் மிச்சம். இதைப் படிக்கிற யாருக்காவது இப்படி ஆகியிருந்தால், ஆவி பிடிக்கச் சொல்கிறவர்கள் கையில் இந்தக் கட்டுரையைக் கொடுத்துவிட்டு நீங்கள் நிம்மதியாகப் படுத்துக்கொள்ளுங்கள்.

என் தொழிலைச் சொல்லாவிட்டால் மேற்கொண்டு எதுவும் புரியாது. மயிலாப்பூர், மந்தைவெளி, அடையாறு, பெசன்ட் நகர் பக்கங்களில் திவசத்துக்குச் சமைக்கப் போகிறவள் நான். இறந்துபோன அப்பாவுக்கோ அம்மாவுக்கோ வருஷத்தில் ஒரு நாள் பிள்ளை செய்கிற திதி அது. அன்றைய சமையலில் மிளகாய் கிடையாது, பெருங்காயம் கிடையாது, தக்காளி கிடையாது. மிளகும் சீரகமும் நெய்யும்தான். குளித்த ஈரத்தோடு புடவையைச் சுற்றிக்கொண்டு அடுப்பண்டை போக வேண்டும். எல்லாவற்றையும்விடப் பெரிய கட்டுப்பாடு, சமைக்கிறவள் ருசி பார்க்கக் கூடாது. ஒரு சொட்டுகூட நாக்கில் படக் கூடாது. இறந்தவர் இடத்தில் இலையில் உட்காரும் வைதிகர்கள் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் மற்றவர்கள் வாயில் எதுவும் போகலாம்.

அப்படியானால் உப்பை எப்படிப் பார்ப்பது? மூக்கால்தான். கொதிக்கிற கூட்டுக்கு மேலே கையை விசிறி ஆவியை முகத்துப் பக்கம் இழுத்தால், உப்பு போதுமா, இன்னும் நாலு கல் வேண்டுமா என்று தெரிந்துவிடும். இருபத்தெட்டு வருஷமாக எனக்கு இதுதான் பிழைப்பு. இன்னொரு சங்கடமும் இதில் உண்டு. இலையில் உட்கார்ந்தவர்கள் வேண்டியதைச் சைகையில் கேட்டு வாங்கிச் சாப்பிடலாம், ஆனால் நன்றாக இருக்கிறது, இல்லை என்று வாயைத் திறக்கக் கூடாது. அதனால் நான் தப்புச் செய்தால், மத்தியானம் இரண்டு மணிக்கு வீட்டுக்காரர்கள் சாப்பிட உட்காரும்போதுதான் தெரியும். அதற்குள் எல்லாம் முடிந்திருக்கும்.

விழுந்த கதைக்கு வருகிறேன். பெசன்ட் நகரில் சுந்தரேசன் என்பவருக்கு மூன்றாவது மாடியில் வீடு. பத்து வருஷமாக நான்தான் அங்கே சமைக்கிறேன். அன்றைக்கு அவர் அப்பாவுடைய திதி. விடிந்ததும் போய், அவர்கள் குளியலறையில் தலைக்கு விட்டுக்கொண்டு, சொட்டச் சொட்ட வெளியே ஓரடி வைத்தேன். அந்த வருஷம் புதிதாகத் தரை போட்டிருந்தார்கள், முகம் பார்க்கலாம் போல ஒரு பளபளப்பு. ஈரப் புடவையோடு ஒருத்தி நடப்பாள் என்று தரை போட்டவருக்கு யார் சொல்வது? கால் முன்னே போயிற்று, பின்னந்தலை தரைக்குப் போயிற்று.

நினைவு வந்தபோது அவர் காரின் பின்சீட்டில் கிடந்தேன். சுந்தரேசன் பஞ்சகச்சத்தோடு, சட்டையில்லாமல் வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தார். அவர் மனைவி கீதா ஒரு கையால் என் தலையைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையில் செல்லோடு, திதி செய்து வைக்கிற வாத்தியாரிடம் பேசிக்கொண்டிருந்தாள். "மாமி விழுந்துட்டா... ஆமா, சமையல் இல்லை... பச்சை அரிசியாவே குடுத்துடலாமா?"

சமைக்க ஆள் இல்லாவிட்டால் அரிசி, பருப்பு, காய்கறியைச் சமைக்காமல் அப்படியே தானம் கொடுத்துத் திதியை முடித்துக்கொள்ளலாம் என்று ஒரு வழி இருக்கிறது. அப்படித்தான் செய்தார்கள். தப்பில்லை என்று எல்லாரும் சொன்னார்கள். ஆனால் பெரியவர் ரசத்துக்கு உயிரை விடுகிறவர் என்று அந்த வீட்டில் பத்து வருஷமாகக் கேட்டிருக்கிறேன். அவருக்கு அந்த வருஷம் என்னால் பச்சை அரிசி.

அடையாறு பக்கம் ஒரு மருத்துவமனையில் சேர்த்தார்கள். ஸ்கேன் அறைக்கு வெளியே ஒன்றரை மணி நேரம், ஈரப் புடவையில், ஏசிக்கு நேர் கீழே. என் வீட்டுக்காரர் மந்தைவெளியிலிருந்து ஆட்டோவில் வந்து சேர்ந்தார். அவர் ஒரு பள்ளிக்கூடத்தில் முப்பத்தைந்து வருஷம் அறிவியல் லேப் அசிஸ்டென்டாக இருந்து ஓய்வு பெற்றவர். பிள்ளைகளுக்குச் சோதனைக்குழாய் எடுத்துக் கொடுத்துக் கொடுத்து, தன்னைப் பாதி விஞ்ஞானி என்று நினைத்துக்கொண்டிருப்பவர். இது எனக்குப் பின்னால் பெரிய தொல்லையாக வந்தது.

ஸ்கேனைப் பார்த்த டாக்டர், மூளையில் முன்பக்கம் ரத்தம் கட்டிச் சின்னக் கன்றல் இருக்கிறது, ஆபரேஷன் வேண்டாம், சில நாள் படுக்க வைத்துப் பார்த்தால் போதும் என்றார்.

"டாக்டர், அடி பட்டது பின்னாடி. கன்றல் முன்னாடி எப்படி வரும்?" என்றார் என் வீட்டுக்காரர்.

"மண்டைக்குள்ள மூளை கிண்ணத்துல தயிர் மாதிரி சார். கிண்ணம் டக்குன்னு நின்னா தயிர் போய் எதிர்ப் பக்கம் மோதும்."

தயிர் என்று சொன்னது எனக்குப் புரிந்தது. என் வீட்டுக்காரர் மட்டும் ஒரு பழைய டைரியைத் திறந்து குறித்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு மணிக்கும் ஒரு நர்ஸ் வந்து கண்ணில் டார்ச் அடித்து, "பேர் என்ன? இன்னைக்கு என்ன கிழமை?" என்று கேட்பாள். மூளை தெளிவாக இருக்கிறதா என்று பார்க்கிறார்களாம். ஏழாவது தடவை, "போன தடவை சொன்ன கிழமைதாம்மா, இன்னும் மாறலை" என்றேன். அதைத் தெளிவு என்று எழுதிக்கொண்டாளோ, குழப்பம் என்று எழுதிக்கொண்டாளோ தெரியாது.

இரண்டாம் நாள்தான் விஷயம் தெரிந்தது. வார்டில் தரை துடைக்கிற அம்சா, ஈக்காட்டுத்தாங்கலிலிருந்து வருகிறவள், என் கட்டிலண்டை நின்று என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இன்னா மாமி, ஃபினாயில இம்மாம் ஊத்தித் தேச்சிக்கினுகீறேன், நீ மூக்கப் பொத்தாம குந்திகினுகீற? வார்டே என்னைத் திட்டுது."

"வாசனையே இல்லையே அம்சா. தண்ணிதானே விட்டுருக்கே?"

"தண்ணியா?" பக்கெட்டைத் தூக்கி என் மூக்குக்கு நேரே நீட்டினாள். பக்கத்துக் கட்டில் அம்மாள் புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். எனக்கு ஒன்றுமே இல்லை. பக்கெட்டில் வெள்ளையாக ஏதோ ஆடியது, அவ்வளவுதான்.

"பழகிப்பூட்டிருக்கும்," என்றாள் அம்சா. "எனக்கே ஆறு வருசமா இந்த நாத்தம் தெரியாது. இங்க நாலு நாள் இருந்தா யாருக்கும் பழகிப்பூடும்."

அவள் சொன்னதில் பாதி உண்மை என்று பிறகு தெரிந்துகொண்டேன். ஒரே வாசனை விடாமல் வந்துகொண்டிருந்தால், இதில் புதிய சேதி ஒன்றுமில்லை என்று மூளை அதைத் தள்ளிவிடுமாம். ஆனால் அதற்கு முதலில் வாசனை வந்திருக்க வேண்டுமே!

அன்று சாயங்காலம் என் வீட்டுக்காரர் ஃபிளாஸ்கில் காபி கொண்டுவந்தார். தானே டிகாக்‌ஷன் இறக்கி, பாலைப் பொங்கவிட்டு அடுப்பைத் துடைத்து, பஸ்ஸில் பிடித்துக்கொண்டு வந்திருந்தார். வாயில் விட்டேன். சூடு இருந்தது, கசப்பு இருந்தது, இனிப்பு இருந்தது. காபி மட்டும் இல்லை.

நர்ஸிடம் சொன்னேன். மூக்குக்குச் சொட்டு மருந்து விட்டாள். ட்யூட்டி டாக்டரிடம் சொன்னேன். "கொரோனா வந்துச்சா?" என்றார். இல்லை என்றேன். "உங்களுக்குத் தெரியாமலே வந்திருக்கலாம்" என்றார். மறுநாள் வேறொரு ட்யூட்டி டாக்டர், அதே கேள்வி. அதற்கு மறுநாள் மூன்றாமவர். நேற்று வரை தோசைக்கல் காய்ந்ததை அடுத்த வீட்டிலிருந்து மோந்து சொல்கிறவள் நான் என்று சொல்லிப் பார்த்தேன். தலையில் அடிபட்ட அம்மாள் பேசுகிறாள் என்பது போலத் தலையாட்டிவிட்டுப் போனார்கள்.

நாலாம் நாள் என் வீட்டுக்காரர் மஞ்சள் பையோடு வந்தார். பையில் ஐந்து எவர்சில்வர் டம்ளர், வாய்க்குத் துணி கட்டி.

"விஜி, கண்ண மூடு," என்று தன் துண்டை எடுத்து என் கண்ணைக் கட்டினார்.

"ஏன்னா, வார்டுல எல்லாரும் பாக்கறா."

"பாக்கட்டும். விஞ்ஞானத்துல வெக்கம் கெடையாது. ஒண்ணாம் நம்பர்?"

"ஒண்ணுமில்லை."

"ரெண்டு?"

"ஒண்ணுமில்லை."

மூன்று, நாலு எதுவும் இல்லை. ஐந்தாவது டம்ளரை நீட்டியதும் சில்லென்று ஏறி, கண்ணில் தண்ணீர் வந்தது. "என்னமோ எரியறது!" என்று கத்தினேன்.

"அதான பாத்தேன்! தலைவலித் தைலம்! தெரியறது பாரு!" என்று துண்டை அவிழ்த்துவிட்டு, வார்டு முழுக்கக் கேட்கும்படி, "அவளுக்கு மூக்கு நன்னா இருக்கு. கவனம்தான் போறாது" என்றார். நாலாம் டம்ளரில் இருந்தது ஏலக்காய். அதைப் பற்றி அவர் பேச்செடுக்கவில்லை. பக்கத்துக் கட்டில் அம்மாளின் மகன், "மாமிக்கு மனசுல ஏதோ பயம் சார்" என்று ஒத்து ஊதினான். அன்று நான் அழுதேன். விழுந்ததற்கு அழவில்லை, எரியறது என்று உண்மையைச் சொன்னதற்கு.

ஐந்தாம் நாள் காது மூக்கு தொண்டை டாக்டர் வந்தார். ஷீலா என்று பெயர், தூத்துக்குடிப் பக்கத்துப் பேச்சு. முதல் கேள்வியே, "அடி பின்னந்தலையில தானம்மா?" என்பதாக இருந்தது. கொரோனாவைப் பற்றிக் கேட்கவே இல்லை. அந்தப் பெண்ணுக்கு அப்போதே ஒரு கும்பிடு போட்டேன்.

தன் பையிலிருந்து சின்னச் சின்னக் குப்பிகளை எடுத்து ஒவ்வொன்றாக நீட்டினார். எதுவும் தெரியவில்லை. என் வீட்டுக்காரர் டைரியை நீட்டி, "ஆனா தைலம் தெரிஞ்சுது டாக்டர், அஞ்சாம் நம்பர்" என்றார்.

"அது வாசனை இல்ல சார், எரிச்சல். தைலம், கற்பூரம், மிளகாய்க் கமறல் இதெல்லாம் வேற நரம்பு வழியாப் போகும். கன்னத்துல கிள்ளினா சொல்லுதே, அந்த நரம்பு. அம்மாவுக்கு அது நல்லாத்தான் இருக்கு. போனது மத்தது."

மத்தது என்பது என்ன என்று எனக்கு விளக்கினார். மூக்குக்குள் உச்சியில், தபால் தலை அளவு ஓர் இடத்தில் வாசனையைப் பிடிக்கிற நரம்புகள் இருக்கின்றன. காற்றில் மிதந்து வரும் துகள் அங்கே ஒட்டினால், அந்தச் சேதியை நூல் நூலான இழைகள் மேலே மூளைக்குக் கொண்டு போகின்றன. வழியில் ஓர் எலும்பு, அதில் பொடிப் பொடியாக ஓட்டைகள், அந்த ஓட்டைகள் வழியாகத்தான் இழைகள் மேலே ஏறுகின்றன.

"சேவை நாழி மாதிரியா?" என்றேன்.

டாக்டர் ஒரு நிமிஷம் யோசித்தார். "எங்க ஊர்ல இடியாப்ப உரல்னு சொல்வோம். அதேதான். உங்க மூளை முன்னாலயும் பின்னாலயும் குலுங்கினப்ப இழை எல்லாம் அந்த ஓட்டை வாயில அறுந்திருக்கு."

சேவை பிழியும்போது நாழியைச் சட்டென்று நகர்த்தினால் எப்படி அறும் என்று எனக்குத் தெரியாதா? இத்தனை நாளில் எனக்குப் புரிகிற மாதிரி ஒருவர் சொன்னது அதுதான். நாக்குக்கு உப்பு, புளிப்பு, இனிப்பு, கசப்பு போன்ற நாலைந்துதான் தெரியுமாம். காபி, நெய், சீரகம், கறிவேப்பிலை என்று நாம் ருசி ருசி என்று கொண்டாடுவதெல்லாம், மெல்லும்போது தொண்டைக்குப் பின்னால் ஏறி மூக்குக்குப் போகும் வாசனைதானாம். பெயர் நாக்குக்கு, வேலை மூக்குக்கு.

"திரும்பி வருமா?"

"இழை மறுபடி வளரும். சிலருக்கு வரும், சிலருக்கு அரைகுறையா வரும், சிலருக்கு வராமலே போகும். மாசக்கணக்காகும். பொய் சொல்ல மாட்டேம்மா, உறுதி குடுக்க முடியாது."

அப்போதுதான் என் தொழிலைச் சொன்னேன். ருசி பார்க்கக் கூடாது, மூக்கால்தான் உப்புப் பார்ப்பேன் என்று சொன்னதும் டாக்டர் சிரித்துவிட்டார்.

"உப்புக்கு வாசனையே கிடையாதேம்மா! அது காத்துல கிளம்பாது. மோந்து பாத்தா ஒண்ணும் தெரியாது."

"இருபத்தெட்டு வருஷமா நான் என்னத்த மோந்தேனாம்?"

"பழக்கத்துல கை அளவு வந்திருக்கும். சரி, அதான் நாக்கு நல்லா இருக்கே. ஒரு சொட்டு நாக்குல வச்சுப் பாத்துட்டுப் போங்க. யாரு பாக்கப் போறா?"

"யாரும் பாக்க மாட்டா. சமைக்கத் தெரிஞ்சவா எல்லா ஆத்துலயும் இருக்கா டாக்டர். ருசி பாக்காம சமைப்பாள்னுதான் என்னைக் கூப்பிடறா. அதையும் விட்டுட்டா நான் எதுக்கு அங்க?"

டாக்டர் முகத்தில் சிரிப்பு போயிருந்தது. உப்புக்கு வாசனை இல்லை என்ற பேச்சு மட்டும் எனக்கு முள் மாதிரி தைத்துக்கொண்டே இருந்தது. வாசனை இல்லையாம்!

ஆறாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். கேஸ் கசிந்தால் தெரியாது, பால் தீய்ந்தால் தெரியாது, ஆளில்லாமல் அடுப்பைப் பற்றவைக்காதே என்று சொல்லி அனுப்பினார்கள். மூக்குக்கு ஒரு பயிற்சியும் கொடுத்தார்கள். ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ் தைலம் என்று நாலு டப்பா. காலையிலும் மாலையிலும் ஒவ்வொன்றையும் இருபது விநாடி மோந்து, அது என்னவென்று மனசுக்குள் நினைக்க வேண்டும். சேதி வராவிட்டாலும் வாசலைத் திறந்து வைத்துக் காத்திருக்கிற மாதிரி. என் வீட்டுக்காரர் லேப் நாளில் வைத்திருந்த ஸ்டாப் வாட்சைத் தேடி எடுத்துவிட்டார். "ரோஜா... ஆரம்பி... நினை... நினைக்கறியா?" காலி டப்பாவை மோப்பம் பிடிக்கிற பைத்தியம் மாதிரி அவர் முன்னால் உட்கார்ந்திருப்பேன். எதிர்வீட்டுக்காரி ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "மாமி, இதுக்குப் பதிலா ஆவி பிடிக்கலாமே" என்றாள்.

ஒரு மாதம் கழித்துச் சுந்தரேசன் ஃபோன் செய்தார். அவர் அம்மாவுடைய திதி நாலு மாதத்தில் வருகிறது.

"மாமி, நீங்கதான் வரணும்."

விஷயத்தை முழுக்கச் சொன்னேன். மூக்கில்லை, உப்புத் தெரியாது, இலையில் உட்கார்ந்தவர்களும் சொல்ல மாட்டார்கள், கடைசியில் உங்கள் அம்மாவுக்கு உப்பில்லாத சாப்பாடு போகும். வேறு ஆளைப் பாருங்கள்.

"அப்பாவுக்குப் பச்சையாக் குடுத்ததைவிட மோசமா ஆயிடுமா மாமி? வாங்கோ," என்றார்.

முடியாது என்றுதான் சொல்லியிருக்க வேண்டும். சரி என்றேன். அன்றிலிருந்து எனக்கு ஒரே கவலை. அப்பா திதி என்னால் போயிற்று, அம்மா திதியையும் நானே கெடுக்கப் போகிறேனா?

"இதுல என்ன இருக்கு? அளந்து போடு," என்றார் என் வீட்டுக்காரர். வீட்டில் ருசி பார்க்கத் தடையில்லை. கூட்டு ஒரு படிக்கு எத்தனை ஸ்பூன், ரசத்துக்கு எத்தனை என்று தினமும் செய்து பார்த்து எழுதிக்கொள்ளலாம் என்று திட்டம் போட்டோம். நான் ருசி பார்த்தால் உப்புக் குறைச்சலாக இருக்கும், இன்னும் போடுவேன். அவர் வாயில் வைத்துவிட்டு, "கரிக்கறதுடி!" என்று தண்ணீருக்கு ஓடுவார். மூன்று வாரம் இதே சண்டை. டைரியில் இரண்டு பத்தி: விஜி அளவு, என் அளவு. இரண்டுக்கும் நடுவே பாதி ஸ்பூன், ஒரு ஸ்பூன் என்று வித்தியாசம் ஏறிக்கொண்டே போயிற்று.

மூன்றாம் மாதம் டாக்டர் ஷீலாவைப் பார்க்கப் போனபோது டைரியை நீட்டினோம். அவர் இரண்டு பத்தியையும் பார்த்துவிட்டு, "சாருக்கு பிரஷர் உண்டா?" என்றார்.

பன்னிரண்டு வருஷமாக உண்டு. பன்னிரண்டு வருஷமாக அவருக்கு உப்பைக் குறைத்துத்தான் போடுகிறேன். குறைந்த உப்புக்குப் பழகின நாக்குக்குச் சரியான உப்பும் கரிக்குமாம். எனக்கோ வாசனை இல்லாததால் எல்லாமே சப்பென்று இருக்கிறது, சப்பென்று இருப்பது உப்புக் குறைவால் என்று நினைத்து நான் அள்ளி அள்ளிப் போடுகிறேன். ஆக, டைரி முழுக்க இரண்டு பொய்த் தராசு. மூன்று வார சமையல், எட்டுத் தேங்காய், தினம் ஒரு சண்டை எல்லாம் வீண்.

"ரெண்டுக்கும் நடுவுல போட்டுடலாமே?" என்றார் என் வீட்டுக்காரர்.

"நடுவு எதுன்னு யார் சொல்றது?" என்றேன்.

அந்தத் தடவை இன்னொன்றும் கேட்க வேண்டியிருந்தது. பத்து நாளாக என் மூக்கில் ஏதோ வந்துகொண்டிருந்தது. சந்தோஷப்படுவதற்கில்லை. காபி டயர் எரிகிற மாதிரி இருந்தது. நெய் மண்ணெண்ணெய் மாதிரி இருந்தது. கறிவேப்பிலையைக் கிள்ளினால் அடைத்துக்கொண்ட சாக்கடை.

டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நல்ல அடையாளம்மா!"

"எதுடா நல்லது? நெய்யைத் திறந்தா குமட்டறது."

"இழை வளர ஆரம்பிச்சிருச்சு. ஆனா பழைய இடத்துல போய்ச் சேராம மாறிச் சேருது. ஒயரை மாத்திக் குடுத்தா ஃபேன் சுவிட்சைப் போட்டா லைட்டு எரியும்ல? அப்படி. நாள்பட நாள்படச் சரியாகலாம்."

ஒரு டாக்டரை 'டா' போட்டுப் பேசிவிட்டேனே என்று அப்புறம்தான் உறைத்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை. கொஞ்சம் தயங்கிவிட்டு, "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்மா. உப்புக்கு வாசனை இல்லன்னு சொன்னேன்ல? அது சரிதான். ஆனா உப்புப் போட்டா தண்ணி மத்த வாசனையப் பிடிச்சு வைக்காது, மேல தள்ளிவிட்டுரும். ஆவியில வாசனை கூடும். நீங்க உப்ப மோக்கல, உப்பு கிளப்பிவிட்டத மோந்திருக்கீங்கன்னு நினைக்கேன். சோதிச்சுப் பாத்தது இல்ல, நினைக்கேன்" என்றார்.

மூன்று மாதமாகத் தைத்த முள் வெளியே வந்தது. ஆனால் வந்து என்ன பிரயோஜனம்? கிளப்பிவிடுவதை மோக்க நெய் நெய்யாக இருக்க வேண்டுமே.

திதி நாள் வந்தது. கீதா குளியலறை வாசலிலிருந்து அடுப்பு வரை சாக்குப் படுதாவை விரித்து வைத்திருந்தாள். குளித்துவிட்டு அதன் மேல் பூனை மாதிரி நடந்து போய் அடுப்பைப் பற்றவைத்தேன். மடியில் டைரியில்லை. அதைக் கொண்டுபோக வேண்டாம் என்று முடிவு செய்திருந்தேன். முடிவு செய்ததற்கு எந்தத் தைரியமும் காரணமில்லை, இரண்டு பத்தியையும் நம்பவில்லை, அவ்வளவுதான்.

வாணலியில் நெய் காய்ந்ததும் சமையலறை பெட்ரோல் பங்க் ஆயிற்று. மிளகு பொரிந்ததும் டயர். ஜன்னலைத் திறந்துவைத்து நின்றேன். பிறகு பயத்தம்பருப்புக் கூட்டு கொதிக்க ஆரம்பித்தது. கையை விசிறி ஆவியை இழுத்தேன். லேசான மண்ணெண்ணெய்.

ஒரு பிடி கல்லுப்பைப் போட்டுக் கிளறிவிட்டு மறுபடி விசிறினேன். மண்ணெண்ணெய் ஒரு படி மேலே ஏறியிருந்தது.

பிரமை என்றுதான் முதலில் நினைத்தேன். இன்னும் கொஞ்சம் போட்டேன். இன்னும் ஒரு படி. ரசத்துக்குப் போனேன், அங்கே டயர், அதுவும் உப்புக்கு உப்பு ஏறியது. வாசனைதான் மாறியிருந்ததே தவிர, அது எழும்புகிற விதம் மாறவில்லை. எவ்வளவு உயரம் வந்தால் போதும் என்று என் கைக்குத் தெரிந்தது, மனசுக்கும் தெரிந்தது. மல்லிகை எழும்பினாலும் சாக்கடை எழும்பினாலும் எழும்பலுக்கு ஓர் அளவு இருக்கிறது. குமட்டலை அடக்கிக்கொண்டு, மோர்க்குழம்பிலும் வாழைக்காய்க் கறியிலும் பச்சடியிலும் நாற்றத்தை அதன் அளவுக்கு ஏற்றி நிறுத்தினேன். நான் போட்ட உப்பு என் பத்தியிலும் சேரவில்லை, அவர் பத்தியிலும் சேரவில்லை. இருபத்தெட்டு வருஷத்தில் இவ்வளவு நாறிய சமையலை நான் சமைத்ததில்லை.

வைதிகர்கள் உட்கார்ந்தார்கள். வழக்கப்படி யாரும் வாய் திறக்கவில்லை. ஒருவர் கூட்டுக்குக் கை காட்டினார். அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. பசியாக இருந்திருக்கலாம். பன்னிரண்டு மணியிலிருந்து இரண்டு மணி வரை சமையலறைச் சுவரில் சாய்ந்துகொண்டு, கேட்கவும் முடியாமல் ருசி பார்க்கவும் முடியாமல் நின்ற அந்த நேரத்துக்கு, ஸ்கேன் அறை வாசல் எவ்வளவோ தேவலாம்.

பிறகு வீட்டுக்காரர்கள் இலை போட்டார்கள். "நீங்களும் உக்காருங்கோ மாமி, நான் பரிமாறறேன்," என்று கீதா என்னைச் சுந்தரேசனுக்கு எதிரே உட்கார வைத்தாள். முதல் வாய் கூட்டைச் சாப்பிட்டேன். மண்ணெண்ணெயும் சப்பும். என் நாக்கை நம்பிப் பயனில்லை என்று எனக்குத்தான் தெரியுமே. சுந்தரேசனைப் பார்த்தேன். கூட்டு முடிந்தது, கறி முடிந்தது, ஒரு வார்த்தை பேசவில்லை. ரசத்தை உள்ளங்கையில் வாங்கிக் குடித்துவிட்டு, ஏதோ நினைவில் இலையைப் பார்த்தபடி இருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

"உப்பு எப்படி இருக்கு?" என்றேன்.

அவர் நிமிர்ந்தார். நான் எதைக் கேட்கிறேன் என்று அவருக்குப் புரியவில்லை.

"எதுல மாமி?" என்றார். கீதா பக்கம் கையை நீட்டி, "இன்னும் கொஞ்சம் ரசம்" என்றார்.

உப்பு சரியாக விழுந்த சாப்பாட்டில் உப்பு என்ற பேச்சே எழாது. நான் கையைக் குவித்து நீட்டினேன். கீதா விட்டாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு, டயர் எரிகிற அந்த ரசத்தைக் கடைசிச் சொட்டு வரை குடித்தேன்.